வெட்டு நாள்

ஆகஸ்ட் 2, சனி

தண்ணீர் வந்தது. எல்லாக் குடமும் நிரம்புவதற்குள் நின்றும் விட்டது. அடுத்து என்றைக்கு வரும் என்று நகராட்சிக்கே தெரியாது. இந்த டைரியை நான் எழுதத் தொடங்கியதே தண்ணீர் வரும் நாளைக் குறித்து வைக்கத்தான். எங்கள் தொழிற்சாலையில் கைப்பை செய்து வாங்கும் பாரிஸ் கம்பெனி புத்தாண்டுக்கு அனுப்பியது. வழவழப்பான தாள், ஓரமெல்லாம் தங்க நிறம். இவ்வளவு நல்ல தாளில் "சனி, தண்ணீர்" என்று மட்டும் எழுதி மூட மனசு வராமல், மற்ற புலம்பலையும் சேர்த்து எழுதப் பழகிவிட்டேன்.

அவர் பெங்களூரிலிருந்து சாயங்கால ரயிலில் வந்தார். வாரத்துக்கு ஒருமுறை வருகிற கணவராயிற்றே என்று கோழி வாங்கி வைத்தால், வயிறு சரியில்லை, ரசம் போதும் என்கிறார். கோழியை நானும் ஷைனியும் தின்று தீர்த்தோம்.

ஷைனி நாலாம் வகுப்புக்கு வந்துவிட்டாள், இன்னும் பீச்சாங்கையால்தான் எழுதுகிறாள். எழுத எழுத அந்தக் கை எழுத்தின் மேலேயே நகர்கிறது. நோட்டெல்லாம் மை, கை ஓரமெல்லாம் மை. சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவிவிட்டுப் பேனாவை வலது கைக்கு மாற்றினேன். சமையலறைக்குப் போய்த் திரும்புவதற்குள் பேனா பழைய கைக்குப் போயிருந்தது. நன்றாகத் திட்டிவிட்டேன். அவர் செய்தித்தாளை முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்துக்கொண்டார்.

ஆகஸ்ட் 4, திங்கள்

என்ன நடந்தது என்று வரிசையாக எழுதிப் பார்க்கிறேன். எழுதினால் எனக்கே ஒழுங்காகப் புரியும்.

கிறிஸ்துமஸுக்குப் போகவேண்டிய பை. அதன் மேல்மூடி, நாங்கள் ஃபிளாப் என்போம், நேராக விழாது. இடப்பக்கம் மேலே தொடங்கி, சரிந்து, வலப்பக்கம் ஓர் இலை நுனி மாதிரி முடியும். அந்த நுனியில்தான் பூட்டு. பையை இடது தோளில் மாட்டிக்கொண்டு வலது கையால் திருகித் திறக்க வேண்டும். அழகே அந்தச் சரிவில்தான் இருக்கிறது.

அந்த ஃபிளாப்புக்கு அட்டையில் அளவு வரைந்தவள் நான். பேட்டர்ன் அறை என்றால் நான் ஒருத்திதான். அட்டையை வரைந்து, எந்தப் பக்கம் மேலே வரவேண்டும் என்று அம்புக்குறி போட்டுக் கொடுத்தால், அதைப் பார்த்து இரும்பு டை, அதாவது வெட்டும் அச்சு, செய்வார்கள். டையைத் தோலின் மேல் வைத்து மிஷின் ஒரு அமுக்கு அமுக்கும். துணியாக இருந்தால் தவறாக வெட்டியதைத் திருப்பிப் போட்டுத் தைக்கலாம். தோலுக்கு ஒரு முகம்தான். பின்பக்கம் பஞ்சு மாதிரி சொரசொரப்பு.

அறுநூறு ஃபிளாப்பும் இடப்பக்கம் சரிந்து நிற்கின்றன.

முதல் ஃபிளாப்பைத் தைக்க எடுத்தது கன்னியம்மா அக்கா. பதினைந்து வருஷமாக எங்கள் தையல் வரிசையில் இருப்பவர். மிஷினை நிறுத்திவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"சுகிர்தா, இங்க வா. இது இன்னா, கண்ணாடில பாக்குற மாதிரி கீது?"

அட்டையைத் திருப்பி வைத்து வரைந்திருக்கிறேன். அம்புக்குறியும் தலை மாறியிருக்கிறது. முதலில் வெட்டுவதைச் சரிபார்க்க வேண்டிய ரஷீத் தங்கை கல்யாணத்துக்குப் போயிருந்ததால், அந்த வேலையையும் நானே பார்த்தேன். நானே வரைந்து, நானே சரி என்று கையெழுத்தும் போட்டிருக்கிறேன். நேரே இருந்த அட்டையை எதற்குத் திருப்பினேன் என்று எவ்வளவு யோசித்தும் தெரியவில்லை.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

முதலாளி முதஸ்ஸிர் சார் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. டீ வரவழைத்தார்.

"வலேரி மேடத்துக்கு மெயில் போட்டுட்டேன் சுகிர்தாம்மா. பதில் வந்திருச்சு. ரெண்டே வரி. பதினாலாம் தேதி எப்படியும் ஆடிட்டுக்கு வர்றாங்க, அவங்க கண்ணு முன்னாலயே எல்லாத்தையும் வெட்டிரணுமாம்."

வலேரி பாரிஸ் கம்பெனியின் ஆள். வருஷத்துக்கு ஒருமுறை வருவார். அவர்களுடைய தோல், அவர்களுடைய நிறம். ஒரு சின்னத் துண்டுகூட வெளியே போய் வேறு பையாக, பர்ஸாக மாறிவிடக் கூடாது. அப்படிப் போனால் பேர் கெட்டுவிடுமாம். பேரைக் காப்பாற்றத் தோலை நார் நாராக வெட்டி, போட்டோ எடுத்து, லாரியில் ஏற்றி எரிக்க அனுப்ப வேண்டும்.

"புதுத் தோலுக்கு நாமதான் காசு குடுக்கணும். அது போகட்டும். ஆனா வீட்ல தம்பி கேக்குறான், பேட்டர்ன் வேலைய மெட்ராஸ்ல கம்ப்யூட்டர்ல பண்ற ஆளுங்ககிட்டக் குடுத்துரலாமேன்னு. நான் ஒண்ணும் சொல்லல. நீயும் மனசுல வெச்சுக்காதம்மா."

மனசில் வைத்துக்கொள்ளாமல் வேறு எங்கே வைப்பது? சார் தலைக்கு மேலே பாரிஸிலிருந்து வந்த போஸ்டர் ஒட்டியிருந்தது. ஒரு பச்சை இலை, கீழே "பூமிக்கு மிச்சம் வைப்போம்" என்று பல மொழிகளில். தமிழிலும் இருந்தது. நல்ல கெட்டித் தாள்.

ஆகஸ்ட் 6, புதன்

மாவு புளித்துவிட்டது. சாப்பிடவும் பிடிக்கவில்லை.

ஆகஸ்ட் 8, வெள்ளி

தண்ணீர் வரவில்லை. நாலு வீடு சேர்ந்து டேங்கர் சொன்னோம்.

எங்கள் தொழிற்சாலையில் வெட்டு நாளுக்கு எழுதி வைக்காத சட்டம் ஒன்று உண்டு. தைத்தவள் அதை வெட்டக் கூடாது. ஒரு பை தேறவில்லை என்றால், அதைத் தைத்தவளை வெளியே டீ குடிக்க அனுப்பிவிட்டுத்தான் கத்தியை எடுப்போம். யார் தொடங்கியது என்று தெரியாது. எனக்குத் தையல் வேலை இல்லை என்பதால் ஒவ்வொரு முறையும் கத்தி என்னிடம்தான் வரும். நூல் ஒரு மயிரிழை விலகிய பை, பூட்டில் கீறல் விழுந்த பை, மாட்டுக்கு எப்போதோ முள் குத்திய தழும்பு தெரிந்த பை. எத்தனை வெட்டியிருப்பேன் என்று எண்ணிப் பார்க்க விரும்பவில்லை.

இன்று அந்த அறுநூறையும் அடுக்கி வைத்தோம். பால் விட்ட காப்பி நிறம். ஒன்றை எடுத்துக் கன்னத்தில் வைத்துப் பார்த்தேன். ஊற வைக்க, முடி எடுக்க, பதனிட, சாயம் ஏற்ற, திரும்பத் திரும்பக் கழுவ, இவ்வளவு தோல் எவ்வளவு தண்ணீரைக் குடித்திருக்கும்? நாலு வீடு ஒரு டேங்கரைப் பங்கு போட்டுக்கொள்ளும் ஊரில் அதை நெருப்பில் போடப் போகிறோம். எனக்குக் கோபமாக வருகிறது. யார் மேல் கோபப்படுவது? அம்புக்குறி போட்டவள் நான்தானே.

ஆகஸ்ட் 9, சனி

அவர் வந்திருக்கிறார். விஷயத்தைச் சொன்னேன். "சரி பண்ண முடியாதா?" என்றார். தோலுக்கு ஒரு முகம்தான் என்று இவருக்கும் முதலிலிருந்து சொன்னேன்.

சொல்லிவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை. ஃபிளாப் திரும்பிவிட்டது, சரி. பையின் முன்பக்கத்தில் இன்னும் எதுவும் தப்பாகவில்லையே? பூட்டுக்கான ஓட்டையை அங்கே கடைசியில்தான் போடுவோம். அதை இடப்பக்கம் போட்டால்? வீட்டில் கிடந்த பழைய ரெக்ஸினில் அளவு பார்த்து வெட்டி, ஊசியால் தைத்து, பேர் இல்லாத பழைய பூட்டு ஒன்றும் மாட்டி, ஒரு பொம்மைப் பை செய்தேன். சரியான சரிவில் ஏற்கெனவே செய்து பார்த்த பொம்மைப் பை ஒன்றும் வீட்டில் இருந்தது. இரண்டையும் கட்டிலில் வைத்துவிட்டு அடுப்பைப் பார்க்கப் போனேன்.

திரும்பி வந்தால் ஷைனி இரண்டு பையிலும் புளியங்கொட்டை போட்டு வைத்துக்கொண்டு கடை நடத்துகிறாள். அவள் அப்பாதான் வாடிக்கையாளர். சரியான பையை அவளால் திறக்க முடியவில்லை. கையை வளைத்து, உடம்பைத் திருப்பி, கடைசியில் பல்லால் கடித்தாள். நான் தப்பாகச் செய்த பையை வலது தோளில் மாட்டிக்கொண்டு, அப்பாவைப் பார்த்துப் பேசிக்கொண்டே, பீச்சாங்கையால் ஒரே திருகு திருகித் திறந்தாள். குனிந்து பார்க்கக்கூட இல்லை.

பழக்க தோஷத்தில் "அந்தக் கையா?" என்று அதட்டிவிட்டேன். குழந்தை கையைப் பின்னால் ஒளித்துக்கொண்டது. அப்புறம்தான் நான் எதைப் பார்த்தேன் என்று எனக்கு உறைத்தது.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

சர்ச்சில் போதகர் என்ன சொன்னார் என்று ஒரு வார்த்தை நினைவில் இல்லை. பிரசங்கம் முழுக்கப் பூட்டுத்தான் மனசில் ஓடியது.

இடது கைக்காரர்களுக்கு என்று ஒரு பை. உலகத்தில் அவர்கள் கொஞ்சப் பேரா? பாரிஸில் யாரும் பிள்ளையின் கையைத் தட்டிவிட மாட்டார்களே, அங்கே வளர்ந்தவர்கள் எல்லாம் தைரியமாக அந்தக் கையையே நீட்டுவார்கள்தானே?

மதியம் வெங்காயம் அரிந்துகொண்டே அவரிடம் சொன்னேன். கேட்டுக்கொண்டே என் கையைப் பார்த்தார்.

"சுகி, ஒண்ணு சொன்னா கோச்சுக்க மாட்டியே?"

"சொல்லுங்க."

"யாரும் பாக்கலன்னா நீயும் அந்தக் கைலதானே அரியுற."

அதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று தெரியவில்லை. அவசரத்தில் எந்தக் கை சும்மா இருக்கிறதோ அதில் கத்தியை எடுப்பதுதான். வெங்காயம் கண்ணை எரித்தது. அவர் ரயிலுக்குக் கிளம்பும்வரை நான் சரியாகப் பேசவில்லை.

ஆகஸ்ட் 11, திங்கள்

முதஸ்ஸிர் சார் முன்னால் இரண்டு ரெக்ஸின் பைகளையும் வைத்தேன். திறந்து பார்த்தார், மூடிப் பார்த்தார், பெருமூச்சு விட்டார்.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா தப்பு பண்ணிட்டு, அத டிசைன்னு சொல்றோம்னு நெனைக்க மாட்டாங்களா?"

"தப்புன்னு சொல்லிட்டே காட்டலாம் சார். மறைக்க வேணாம்."

"பீச்சாங்கைப் பைய யாரும்மா வாங்குவாங்க?"

"பீச்சாங்கைக்காரங்க வாங்குவாங்க."

சிரித்துவிட்டார். அசல் தோலில் ஒரே ஒரு பை செய்துகொள்ள அனுமதி கொடுத்தார். வலேரி மறுத்தால், அதையும் சேர்த்து வெட்ட வேண்டும், வெட்டுவது நீதான் என்றார். சரி என்றேன்.

கன்னியம்மா அக்காவிடம் கொண்டுபோனேன். "வெட்டப் போற பைய என் தலையில கட்டுறியா?" என்று முறைத்தார். முறைத்துக்கொண்டே மிஷினில் நூல் கோத்தார்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

பூட்டு சதி செய்தது. பூட்டின் குமிழில் விரல் பிடி ஒரு பக்கம்தான் நீட்டியிருக்கும். இடது கைக்கு அது எதிர்ப்பக்கம் நீட்ட வேண்டும். பூட்டைத் தலைகீழாக மாட்டினால் பிடி சரியான பக்கம் வருகிறது, ஆனால் கம்பெனி பேரும் தலைகீழாகத் தொங்குகிறது. அதைப் பார்த்தால் வலேரிக்கு மயக்கம் வந்துவிடும்.

கடைசியில் நாலு குட்டித் திருகாணிகளைக் கழற்றி, பேர்த் தகட்டை நேராகவே விட்டு, உள்ளே இருக்கும் குமிழை மட்டும் திருப்பி மாட்டினேன். சொடக்குப் போட்ட மாதிரி ஒரு சத்தம். அக்கா இரண்டு முறை திறந்து மூடினார். "போவட்டும், இன்னா நடந்தாலும் நான் டீ குடிக்கப் போவ மாட்டேன், இங்கயேதான் நிப்பேன்" என்றார்.

ஆகஸ்ட் 13, புதன்

கத்திகளுக்குச் சாணை பிடித்து வைத்தாயிற்று. ஷைனியின் டீச்சர் "கையெழுத்தில் கவனம் தேவை" என்று நோட்டில் எழுதி அனுப்பியிருக்கிறார். கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன், திட்டவில்லை. திட்டத் தெம்பு இல்லை.

ஆகஸ்ட் 14, வியாழன்

வலேரி காலையிலேயே வந்துவிட்டார். குள்ளமான பெண், நரைத்த முடியை ஒட்ட வெட்டியிருந்தார். கூட ஒரு காமிரா. கூடத்தின் நடுவில் மேசை. ஒருபக்கம் ஃபிளாப் அடுக்குகள், ஒருபக்கம் கத்திகள். தையல்காரிகள் எல்லாரும் மிஷினை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். சார் கையைக் காட்டினார், பேசு என்று.

என் ஓட்டை ஆங்கிலத்தில் முதலில் தவறைச் சொன்னேன். அட்டையைத் திருப்பியது நான், சரிபார்த்ததும் நான். பிறகு பையை எடுத்து வைத்தேன்.

வலேரி நெடுநேரம் பார்த்தார். தையலை நகத்தால் தடவினார். அழகாக இருக்கிறது என்றார். அதைச் சொன்ன குரலிலேயே, "ஆனால் எங்கள் பட்டியலில் இப்படி ஒரு பை கிடையாது. இது யாருக்கு?" என்று கேட்டார்.

அதற்குப் பதில் தயாராக வைத்திருந்தேன். நூறு பேரில் எத்தனை பேர் இடது கைக்காரர்கள் என்று தேடி மனப்பாடம் செய்திருந்தேன். அந்த நேரம் பார்த்து ஒரு எண்கூட வாயில் வரவில்லை. கத்திகள் கண்ணுக்கு முன்னால் பளபளக்கின்றன. கன்னியம்மா அக்கா தன் மிஷினில் கையை ஊன்றிக்கொண்டு நிற்கிறார்.

பையை எடுத்து வலது தோளில் மாட்டிக்கொண்டேன். கை தானாகப் போனது. ஒரே திருகு, திறந்தது. மூடினேன். மறுபடி திறந்தேன். எந்தக் கை என்று நான் யோசிக்கவில்லை. யோசித்திருந்தால் மற்றதைத்தான் நீட்டியிருப்பேன்.

வலேரி சரியான மாதிரிப் பையை எடுத்து நீட்டினார். "இதை? அதே கையால்?" மாட்டிக்கொண்டு முயன்றேன். முழங்கை இடித்தது, விரல் வழுக்கியது. நேற்றுவரை அது என் கைக்கோளாறு என்றுதான் சொல்லியிருப்பேன்.

"எத்தனை வருஷமாக இடது கை?" என்றார் வலேரி.

"பிறந்ததிலிருந்து," என்றேன்.

இந்த வார்த்தையை நான் எந்த மொழியிலும் யாரிடமும் சொன்னதில்லை. இங்கிலீஷில் சொன்னதால்தான் வந்தது போலும். பின்னால் கன்னியம்மா அக்கா யாரிடமோ சொல்வது கேட்டது. "எனக்கு எப்பவோ தெரியும்."

தான் மட்டும் முடிவு செய்ய முடியாது, பாரிஸில் கேட்க வேண்டும் என்றார் வலேரி. அது அந்த ஊர் "பார்க்கலாம்" என்று நினைத்து என் மனசு விழுந்தது. அவர் காமிராவை மூடிப் பைக்குள் போட்டார். மேசையைச் சுற்றி வந்து, கத்திகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பெட்டியில் அடுக்கினார். "பதில் வரும்வரை இவை இங்கேயே இருக்கட்டும்."

போகும்போது சார் அறைச் சுவரில் இருந்த இலைப் போஸ்டரைப் பார்த்து நின்றார். "இதை எழுதியது நான்தான்," என்றார். வெட்கப்பட்ட மாதிரி இருந்தது. எனக்கு அவரைப் பிடித்துப்போனது.

ஆகஸ்ட் 15, வெள்ளி

விடுமுறை. தண்ணீர் வந்தது, எல்லாக் குடமும் நிரம்பிற்று, அண்டாவும் நிரம்பிற்று. துணி துவைத்த தண்ணீரை முருங்கைக்கு ஊற்றினேன்.

அட்டையை ஏன் திருப்பினேன் என்பது இன்று துவைக்கும்போது தெரிந்துவிட்டது. அன்றைக்குப் பேட்டர்ன் அறையில் நான் தனியாக இருந்தேன். யாரும் பார்க்கவில்லை. அந்தக் கை பென்சிலை எடுத்துக்கொண்டது. அந்தக் கைக்கு வளைவு எளிதாக வருவதற்காக அட்டையும் திரும்பிக்கொண்டது. யாராவது உள்ளே வந்திருந்தால் கை மாறியிருக்கும், அட்டை நேராக இருந்திருக்கும்.

பெங்களூருக்குப் போன் செய்தேன். "வெங்காய விஷயத்துல நீங்க சொன்னது சரிதான்" என்றேன். அவர், "நாளைக்குக் கோழி பண்ணு, சாப்பிடுறேன்" என்றார்.

ஆகஸ்ட் 18, திங்கள்

பதில் இல்லை. மெட்ராஸிலிருந்து கம்ப்யூட்டர் ஆள் ஒருவர் வந்து பேட்டர்ன் அறையை அளந்துவிட்டுப் போனார்.

ஆகஸ்ட் 21, வியாழன்

பதில் வந்துவிட்டது!

சார் அறையிலிருந்து ஓடி வந்தார். அந்த உடம்பை வைத்துக்கொண்டு அவர் ஓடி நான் பார்த்ததே இல்லை. அறுநூறையும் தைக்கச் சொல்லியிருக்கிறார்கள். இடது கைப் பை என்றே பேர் போட்டு, அதே கிறிஸ்துமஸுக்கு, அதே கடைகளில். இன்னொன்றும் எழுதியிருக்கிறார் வலேரி. இனி எதையும் வெட்டுவதற்கு முன்னால், அதை வேறு எப்படிப் பயன்படுத்தலாம் என்று இங்கிருந்து ஒரு யோசனை அனுப்ப வேண்டுமாம், அதைப் பார்த்த பிறகுதான் கத்தியாம். முதலில் ஒரு வருஷத்துக்கு மட்டும். பிறகு எப்படியோ. வெட்டாமலே போய்விடும் என்று நான் நம்பவில்லை. ஆனால் கத்திக்கு முன்னால் ஒரு கேள்வி வந்து உட்கார்ந்திருக்கிறது, அதுவே பெரிது.

"யோசனை எழுத வேண்டியது பேட்டர்ன் ரூம் வேலை," என்றார் சார். "மெட்ராஸ்காரனுக்குப் போன் பண்ணி வேணாம்னுட்டேன்."

கன்னியம்மா அக்கா தைக்கத் தொடங்கிவிட்டார். "முள்ளு குத்துன தோலுக்கு இன்னா யோசன வெச்சிருக்க?" என்று இப்போதே கேட்கிறார்.

வீட்டுக்கு வந்தபோது ஷைனி வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் பேனாவை வலது கைக்கு மாற்றினாள். அது எனக்குச் சுருக்கென்றது. மாற்றாதே, எந்தக் கை வருகிறதோ அதிலேயே எழுது என்றேன். நம்பாமல் பார்த்தாள். பக்கத்தில் உட்கார்ந்து டைரியைத் திறந்து, பேனாவை நானும் அந்தக் கைக்கு மாற்றினேன்.

இந்த வரியிலிருந்து எழுதுவது இடது கை. எழுத்தெல்லாம் ஆளுக்கொரு பக்கம் சாய்கிறது. ற எனக்கு வரவே இல்லை. ஷைனி எட்டிப் பார்த்துவிட்டு, "அம்மா, உன் கையெழுத்து என்னுதவிட மோசம்" என்கிறாள். நோட்டை நேரே வைக்காதே, இப்படிச் சாய்த்து வை, மை பூசாது என்று சொல்லிக் கொடுக்கிறாள். சாய்த்து வைத்தும் பூசிவிட்டது. தங்க ஓரத்தாளில் ஒரு நீலக் கறை, என் கை ஓரமெல்லாம் மை.

காலையில் கழுவிக்கொள்ளலாம்.